டால்ஃபின் 6 எப்போது வரும்?

ராசிபுரத்தில் அந்தப் பள்ளியின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கில் சந்தேகம் வந்தால் ஆசிரியரிடம் போவார்கள். கம்ப்யூட்டரில் சந்தேகம் வந்தால் மூன்றாவது பெஞ்சுக்குப் போவார்கள். அங்கேதான் கனிஷ்கா உட்கார்ந்திருப்பாள்.

இத்தனைக்கும் கனிஷ்காவிடம் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் கிடையாது. அப்பாவின் கைப்பேசிதான் அவளுக்கு எல்லாம். புதிதாக எந்த லேப்டாப் வரப்போகிறது, அதில் என்னென்ன இருக்கும், எப்போது கடைக்கு வரும் என்று எங்கே எழுதியிருந்தாலும் தேடிப் பிடித்துப் படித்துவிடுவாள். சாப்பாட்டு வேளையில் மற்றவர்கள் புளிச்சோற்றையும் முட்டையையும் பங்கு போடும்போது இவள் பேட்டரியையும் திரையையும் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாள். வாயைப் பிளந்துகொண்டு கேட்க எப்போதும் நாலு பேர் இருப்பார்கள்.

இதைப் பார்த்துவிட்டுத்தான் கலைமணி டீச்சர், காலைக் கூட்டத்தில் வாரம் ஒருமுறை அறிவியல் செய்தி படிக்கும் வேலையை அவளிடம் கொடுத்தார். கொடுத்ததும் கனிஷ்காவின் நடையே மாறிவிட்டது.

அந்தச் சமயத்தில் எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சாக இருந்தது. டால்ஃபின் 6 என்று ஒரு லேப்டாப் வரப்போகிறது. டால்ஃபின் 5 நன்றாக விற்றதால், ஆறாவது எப்படி இருக்கும் என்று ஆளாளுக்கு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கனிஷ்கா எதையும் உடைத்துக்கொள்ளவில்லை. நேராக ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றாள்.

"டால்ஃபின் 6 இந்த மாதக் கடைசியில் நம் ஊர்க் கடைகளுக்கு வந்துவிடும்," என்று கணீரென்று படித்தாள். "ஒருமுறை சார்ஜ் போட்டால் இரண்டு நாள் ஓடும். எவ்வளவு வெயில் அடித்தாலும் சூடாகாது. உள்ளே காற்றுப் போகும் வழியைப் பெரிதாக்கியிருக்கிறார்கள்."

பள்ளிக்கூடமே கைதட்டியது.

ஆனால் அவள் படித்த இடத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை. 'இந்த மாதக் கடைசியில் வரலாம்' என்று இருந்தது. 'இரண்டு நாள் ஓடும் என்று சிலர் சொல்கிறார்கள்' என்று இருந்தது. கனிஷ்கா அந்த 'வரலாம்', 'சிலர் சொல்கிறார்கள்' எல்லாவற்றையும் அரிசியில் கல் பொறுக்குவது போலப் பொறுக்கி எறிந்துவிட்டாள். அவையெல்லாம் இருந்தால் செய்தியில் கெத்து இல்லை என்பது அவள் எண்ணம்.

கனிஷ்காவின் அப்பா காளியண்ணனுக்கு நாமக்கல் சாலையில் ஒரு பட்டறை இருந்தது. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. அங்கே வரும் புது லாரிகளைப் பார்த்தால் சிரிப்பாக இருக்கும். எஞ்சின், சக்கரம், நீளமான இரும்புச் சட்டம், அவ்வளவுதான். அதைச் சேஸ் என்பார்கள். டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கூரையும் கதவும் இல்லாத அந்த வண்டியை வெயிலில் ஓட்டிக்கொண்டு வந்து சேர்வார். அவர் உட்காரும் அறையையும், சுமை ஏற்றும் பெட்டியையும் பட்டறையில்தான் கட்டிக் கொடுப்பார்கள்.

"அப்பா, டால்ஃபின் 6 வரப்போகுதுங்க," என்றாள் கனிஷ்கா.

காளியண்ணன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினார். "அப்படியா சாமி. வெறும் சேஸா வருமா, பாடியோட வருமா?"

"லேப்டாப்புங்கப்பா. முழுசாத்தான் வரும்."

"முழுசாவே வந்துட்டா நமக்கு அதுல என்ன வேலை இருக்குது," என்று சொல்லிவிட்டு அவர் கண்ணாடியை மறுபடி இறக்கிக்கொண்டார்.

புதன்கிழமை சாயங்காலம் டால்ஃபின் 6-ஐ அந்தக் கம்பெனிக்காரர்கள் உலகத்துக்குக் காட்டப்போவதாக அறிவித்திருந்தார்கள். கைப்பேசியில் நேரடியாகப் பார்க்கலாம். கனிஷ்கா தன் தோழி கிருத்திகாவையும், வகுப்பிலேயே பெரிய வாயாடியான அன்பரசுவையும் பட்டறைக்கு வரச் சொல்லியிருந்தாள். மூன்று பேரும் ஒரு சேஸின் மேல் ஏறிக் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

மேடையில் ஒருவர் வந்தார். அவர் லேப்டாப்பைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். அது கண்ணாடி மாதிரி பளபளத்தது.

"பாரு, பாரு, காத்துப் போற வழி பெரிசாயிருக்குது. நான் சொன்னனில்ல," என்றாள் கனிஷ்கா.

அடுத்து அவர் பேட்டரியைப் பற்றிச் சொன்னார். ஒரு பகல் முழுக்க ஓடுமாம். இரண்டு நாள் என்று அவர் சொல்லவே இல்லை. வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை. கடைசியில் திரையில் சில நாடுகளின் பெயர்கள் வந்தன. அந்த நாடுகளில் இந்த மாதமே கிடைக்கும். இந்தியாவுக்கு அடுத்த வருஷம். தேதி பிறகு அறிவிக்கப்படும்.

கனிஷ்காவின் காது சூடாகிவிட்டது.

"டால்ஃபின் தண்ணிக்குள்ள போயிருச்சாட்ட இருக்குது," என்றான் அன்பரசு. "இனி அடுத்த வருஷந்தான் மூச்சு விட மேல வரும்." சொல்லிவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரித்தான்.

கிருத்திகா சிரிக்கவில்லை. அவள் முகம் சுண்டிப் போயிருந்தது.

"என்ன புள்ள ஆச்சு?" என்று கேட்டாள் கனிஷ்கா.

"எங்கம்மாவோட லேப்டாப் கெட்டுப்போச்சு. போட்டு அரை மணி நேரத்துல தானா அணைஞ்சுருது," என்றாள் கிருத்திகா. "சேலத்துல ஒருத்தரு கொஞ்சம் பழைய லேப்டாப் ஒண்ணு தாரேன்னு சொல்லியிருந்தாரு. நான்தான் அம்மாகிட்ட வேண்டாம்னேன். இந்த மாசமே டால்ஃபின் வருது, சூடே ஆகாது, கனிஷ்கா சொல்லியிருக்கறான்னேன். அம்மாவும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அவரு அதை வேற ஆளுக்குக் குடுத்துட்டாரு."

கிருத்திகாவின் அம்மா கமலவேணி சேலைக் கரைகளுக்கு டிசைன் வரைகிறவர். அவர் லேப்டாப்பில் வரைந்து கொடுப்பதுதான் பிறகு தறியில் மயிலாகவும் மாங்காயாகவும் வரும். சின்னண்ணன் என்ற ஜவுளி முதலாளி, இந்த வாரம்தான் தீபாவளிச் சேலைகளுக்குப் புதுக்கரை ஒன்று கேட்டிருந்தார். சனிக்கிழமைக்குள் டிசைன் கைக்கு வராவிட்டால் குமாரபாளையத்தில் வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார்.

"டிசைன் போனா தீபாவளி வேலை மொத்தமும் போயிரும்னு அம்மா சொன்னாங்க," என்றாள் கிருத்திகா.

கனிஷ்கா சேஸிலிருந்து கீழே குதித்தாள். யாராவது அவளைத் திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை. தான் சொன்னதை ஒரு பெரியவர் நம்பியிருக்கிறார் என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"உங்க ஊட்டுக்குப் போலாம் வா," என்றாள். "நானே சொல்றேன்."

கிருத்திகாவின் வீட்டில் முன்னறை முழுக்க இரண்டு விசைத்தறிகள். அவை ஓடும்போது பக்கத்தில் இடி இடித்தாலும் கேட்காது. கமலவேணி பிள்ளைகளைப் பார்த்ததும் தறிகளை நிறுத்தினார்.

"வா கண்ணு. காப்பி குடிக்கறயா?"

"வேண்டாங்க அத்தை," என்றாள் கனிஷ்கா. "டால்ஃபின் இப்ப வராதுங்க. அடுத்த வருஷந்தான் வரும்னு இப்பத்தான் சொன்னாங்க. நான் தப்பாச் சொல்லிட்டனுங்க. 'வரலாம்'னுதான் எழுதியிருந்துது. நான்தான் 'வரும்'னு படிச்சுட்டேன்."

கமலவேணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "சரி சாமி. வந்து சொன்னயே, அதுவரைக்கும் நல்லது," என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கண் மூலையில் இருந்த மேசைக்குப் போய்த் திரும்பியது. அங்கே பழைய லேப்டாப் இருந்தது. திரையில் ஒரு மயில் தெரிந்தது. அதற்குத் தலையும் கழுத்தும் இருந்தன, தோகை இன்னும் வரவில்லை.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை பட்டென்று அணைந்தது.

"இப்படித்தான்," என்றார் கமலவேணி. "ரெண்டு இறகு போட்டா அணைஞ்சுருது. அதுக்கும் வயசாகிப்போச்சு, பாவம்."

கனிஷ்கா மேசைக்குப் போனாள். லேப்டாப்பின் அடியில் கையை வைத்தவள் சட்டென்று எடுத்துவிட்டாள். தோசைக்கல் மாதிரி கொதித்தது.

இவ்வளவு சூடு ஏன்? அவளுக்கு டால்ஃபின் 6 நினைவுக்கு வந்தது. அது பற்றிச் சொன்னதில் ஒன்று மட்டும் சரியாக இருந்ததே, காற்றுப் போகும் வழி. புது லேப்டாப்புக்கு அந்த வழியைப் பெரிதாக்கியிருக்கிறார்கள் என்றால், பழைய லேப்டாப்புக்கும் ஒரு வழி இருக்க வேண்டும் அல்லவா?

"அத்தை, இதைத் திருப்பிப் பாக்கலாங்களா?"

"பாரு கண்ணு. இனி கெடறதுக்கு அதுல என்ன இருக்குது?"

லேப்டாப் ஆறும்வரை காத்திருந்து, சார்ஜர் கம்பியைப் பிடுங்கிவிட்டு, மெதுவாகத் திருப்பினாள். அடியில் சின்னச் சின்னக் கோடுகளாகக் காற்றுத் துளைகள் இருந்தன. ஒரு துளையிலும் வெளிச்சம் நுழையவில்லை. எல்லாவற்றிலும் வெள்ளையாக என்னவோ அடைத்திருந்தது.

கனிஷ்கா நிமிர்ந்து தறியைப் பார்த்தாள். தறியின் மேல், சுவரின் மேல், மின்விசிறியின் மேல், கிருத்திகாவின் தலைமுடியின் மேல், எங்கே பார்த்தாலும் பஞ்சுத் துகள்.

"அத்தை, இதுக்கு வயசாகலீங்க," என்றாள் மெதுவாக. "மூச்சு முட்டுதுங்க."

கமலவேணி தறிக்கு வைத்திருந்த சின்னத் திருப்புளியை எடுத்து வந்து அடிமூடியைத் தானே கழற்றினார். எந்தத் திருகை எங்கே வைக்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று கனிஷ்கா பக்கத்தில் நின்று சொன்னாள். லேப்டாப்பைச் சுத்தம் செய்யும் வீடியோக்களை அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். மூடியைத் திறந்ததும் மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். உள்ளே இருந்த குட்டி விசிறி கம்பளிப் போர்வை போர்த்திக்கொண்டிருந்தது.

"ஊதி விட்டுரட்டுமா?" என்றாள் கிருத்திகா.

"ஊதாத. எச்சில் போயிரும். இரு, வாரேன்."

கனிஷ்கா பட்டறைக்கு ஓடினாள். லாரியில் பூவும் பெயரும் எழுதுவதற்குப் பெயின்டர் வைத்திருக்கும் மெல்லிய தூரிகைகளில், இன்னும் பெயின்டில் நனைக்காத புதுசு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். அந்தத் தூரிகையால் கமலவேணி விசிறியை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக வழித்து எடுத்தார். சேர்த்து உருட்டியபோது ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்தது.

மூடியைப் போட்டு லேப்டாப்பை முடுக்கினார்கள். விசிறி சத்தமே இல்லாமல் சுற்றியது. மயில் திரும்பி வந்தது. கமலவேணி ஒரு இறகு வரைந்தார். இரண்டு இறகு வரைந்தார். அரை மணி நேரம் ஆனது. ஒரு மணி நேரமும் ஆனது. கிருத்திகா அடியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சில்லுனு இருக்குது," என்றாள். அது பொய்தான், ஆனாலும் யாரும் மறுக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது கனிஷ்காவுக்குப் பாதி மகிழ்ச்சி, பாதி கவலை. லேப்டாப் சரியாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் சொன்ன பொய்ச் செய்தி அப்படியே இருக்கிறது. இன்னும் எத்தனை வீடுகளில் டால்ஃபினுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்களோ.

மறுநாள் அவள் செய்தி படிக்கும் முறை இல்லை. இருந்தாலும் கலைமணி டீச்சரிடம் கேட்டுக்கொண்டு ஒலிபெருக்கி முன்னால் போனாள்.

"டால்ஃபின் 6 பற்றிப் போன வாரம் நான் சொன்னதில் ஒன்று சரி, மற்றவை தப்பு," என்றாள். "அது நம் நாட்டுக்கு அடுத்த வருஷம்தான் வரும். தேதி யாருக்கும் தெரியாது. பேட்டரி ஒரு பகல் ஓடும் என்று கம்பெனி சொல்கிறது. வெயில் தாங்குமா என்று எனக்குத் தெரியாது. யாராவது நான் சொன்னதை நம்பி லேப்டாப் வாங்காமல் இருந்தால் தயவுசெய்து காத்திருக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்."

யாரும் கைதட்டவில்லை. இனி மூன்றாவது பெஞ்சுக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே அவள் வரிசையில் போய் நின்றாள்.

சாயங்காலம் பட்டறைக்குப் போனவளுக்கு வேறு ஒரு யோசனை ஓடியது. பஞ்சை எடுத்தாயிற்று. ஆனால் தறி ஓடுகிற வீட்டில் பஞ்சு நாளைக்கும் பறக்கும். மேசையில் படுத்துக் கிடக்கும் லேப்டாப் அதை மறுபடியும் உள்ளே இழுக்கும். என்ன செய்யலாம்?

அப்போது பட்டறைக்குள் ஒரு கோழி லாரி வந்து நின்றது. அதன் பெட்டிக்குச் சுவர் இல்லை. கோழிகளுக்குக் காற்று வேண்டும் என்பதற்காகச் சுற்றிலும் கம்பி வலைதான் அடித்திருந்தார்கள். கனிஷ்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சாக்பீஸை எடுத்துத் தரையில் ஒரு படம் வரைந்தாள்.

"அப்பா, ஒரு பாடி கட்டணுமுங்க."

காளியண்ணன் வேலையை நிறுத்திவிட்டு வந்தார். மற்ற அப்பாக்களாக இருந்தால் சிரித்திருப்பார்கள். அவரிடம் யார் பாடி கட்ட வேண்டும் என்றாலும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"என்ன லோடு?"

"கிருத்திகா அம்மாவோட லேப்டாப்புங்க. அடியில காத்து நல்லாப் போகோணும். ஆனா பஞ்சு உள்ள போகக்கூடாது. அதனால நாலு கால் வெச்சு ஒசத்தி, சுத்திலும் கோழி வண்டியாட்ட வலை அடிக்கோணும். கம்பி வலை வேண்டாம், கொசு வலை மாதிரி பொடி வலை. வலையில பஞ்சு ஒட்டுனா வெளியில இருந்தே துடைச்சுக்கலாம். முன்னாடி மட்டும் திறந்திருக்கோணும், கை வெச்சு வேலை செய்யறதுக்கு."

காளியண்ணன் குந்தி உட்கார்ந்து படத்தைப் பார்த்தார். தலையைச் சாய்த்து இன்னொரு தடவை பார்த்தார். "பின்னாடி ஒரு கதவு வெச்சுரலாம் அம்மிணி, சார்ஜர் கம்பி சொருக. மத்ததெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கற," என்றார்.

கோழி லாரிக்காரர் பொறுமை இழந்து, "ஏனுங்க, நம்ம வண்டியைப் பாக்கறீங்களா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்க. அவசர ஆர்டர் ஒண்ணு வந்திருக்குது," என்றார் காளியண்ணன். "படம் போட்டது எம் பொண்ணு." அதைச் சொல்லும்போது அவர் குரல் தேவைக்கு மேல் கொஞ்சம் சத்தமாக இருந்தது. பட்டறையில் கடைசி மூலையில் இருந்தவருக்கும் கேட்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பாடி தயாராகிவிட்டது. மஞ்சள் பெயின்ட், பச்சைக் கோடு, நாலு மூலையிலும் ஒவ்வொரு பூ. பெயின்டர் கேட்காமலே பின்கதவில் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கை பழகிவிட்டது.

சனிக்கிழமை காலையில் சின்னண்ணன் டிசைன் வாங்குவதற்காகக் கிருத்திகா வீட்டுக்கு வந்தார். கனிஷ்காவும் அங்கேதான் இருந்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மேசையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"ஏனுங்க கமலவேணி, இது என்னது? லாரி ஊட்டுக்குள்ள நிக்குது?"

"லேப்டாப்புக்குப் பாடிங்க," என்றார் கமலவேணி. "முதல்ல டிசைனைப் பாருங்க."

அவர் பார்த்தார். மயிலுக்குத் தோகை முழுசாக வந்திருந்தது. ஒவ்வொரு இறகிலும் ஒரு கண், ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு நிறம். சின்னண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"குமாரபாளையத்துக்கு நான் வேண்டாம்னு சொல்லிடறேன்," என்றார் கடைசியில். "தீபாவளி வேலை பூரா உங்களுக்குத்தான்."

கிருத்திகா கனிஷ்காவின் கையைப் பிடித்து நசுக்கியே விட்டாள்.

"நாலு நாளுக்கு முன்னால லேப்டாப் ஓடலைன்னு சொன்னீங்களே, புதுசு வாங்குனீங்களா?" என்று கேட்டார் சின்னண்ணன்.

"பழசுதாங்க. இந்தப் பொண்ணுதான் கண்டுபிடிச்சுச் சரி பண்ணிக் குடுத்தா. பாடி கட்டறதுக்குப் படம் போட்டதும் இவதான்."

சின்னண்ணன் கனிஷ்காவைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியா சாமி. நானும் ஆபீசுக்கு ஒண்ணு வாங்கோணும். டால்ஃபின் 6-ன்னு சொல்றாங்களே, அது எப்ப வருதாம்?"

கனிஷ்காவுக்கு வாய் வரை ஒரு தேதி வந்தது. பொங்கலுக்கு வந்துவிடும் என்று நேற்றிரவுதான் யாரோ எழுதியிருந்ததைப் படித்திருந்தாள். சொன்னால் இவர் அசந்துபோவார்.

"அடுத்த வருஷம்னு கம்பெனி சொல்லியிருக்குதுங்க. என்னைக்குன்னு சொல்லலீங்க," என்றாள். "பொங்கலுக்குன்னு ஒருத்தரு எழுதியிருக்கறாருங்க. ஆனா அது அவரோட நினைப்புதான். நிசமான தேதி எனக்குத் தெரியாதுங்க."

"பேட்டரி ரெண்டு நாள் நிக்குமாமா?"

"ஒரு பகல்னு கம்பெனி சொல்லுதுங்க. வாங்கி ஓட்டிப் பாத்தவங்க சொல்ற வரைக்கும் அதுவும் தெரியாதுங்க."

சின்னண்ணன் சிரித்தார். "நான் கேட்ட இடத்துல எல்லாம் ஆளுக்கொரு தேதி சொல்றாங்க. தெரியாதுங்கறது நீ ஒருத்திதான்." அவர் கமலவேணியிடம் திரும்பினார். "இந்தப் புள்ளை சொல்றதை நம்பலாங்களா?"

கனிஷ்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்பலாங்க," என்றார் கமலவேணி. "தெரியும்னு இவ சொன்னா தெரியும். தெரியாதுன்னு சொன்னா தெரியாது."

"அப்பச் சரி. தெரியற அன்னைக்கு எனக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பு சாமி. அன்னைக்கு வாங்கிக்கறேன்."

அவர் போனதும் கமலவேணி இரண்டு தறிகளையும் ஓட விட்டார். வீடு அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் கிருத்திகா என்னவோ கத்திக் கேட்டாள். கனிஷ்காவோ, பெருமையில் வாயைத் திறந்தால் சிரித்துவிடுவோம் என்று இறுக மூடிக்கொண்டு நின்றாள்.